மஞ்சள் துணி கட்டிய கடா

லிங்கராஜபுரத்தில் ரயில் பாதையை ஒட்டித் தனக்கோடி பன்றி வளர்க்கிறாள். வெள்ளைக் குட்டிகளை வாங்கி வளர்த்து விற்பதில்தான் அடுப்பு எரிகிறது. ஆனால் அவள் உயிரெல்லாம் ஓரத்துப் பட்டியில் நிற்கும் இரண்டு கருப்புப் பெட்டைகள் மேல். நீண்ட மூஞ்சி, முதுகில் குத்திட்டு நிற்கும் மயிர். இந்த நாட்டு இனம் அக்கம்பக்கத்தில் வேறு யாரிடமும் இல்லை. வெள்ளையோடு கலந்து கலந்தே போய்விட்டது.

பழைய கருப்புக் கடா காய்ச்சலில் செத்ததும், கோலார் பக்கமெல்லாம் அலைந்து ஒரு கடாக்குட்டியைச் சாக்கில் போட்டுக்கொண்டு வந்தாள். அது வளர்ந்து பெட்டைகளோடு சேர்ந்தால்தான் இனம் நிற்கும். கறிக்கு வருகிறவன் கண்ணெல்லாம் அதன் மேலேயே. தொல்லை தாங்காமல் அதன் கழுத்தில் மஞ்சள் துணி கட்டினாள்.

"முனீஸ்வரனுக்கு நேந்துவுட்டதுப்பா, கேக்காதே."

அதோடு எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

போன வாரம் அவள் ஹோட்டல் எச்சில் எடுக்கப் போயிருந்தபோது தம்பி பச்சைமுத்து வந்தான். விற்கிற குட்டிகளுக்குக் காயடிக்க அவள்தான் வரச் சொல்லியிருந்தாள். காயடித்தால்தான் கறி நாறாது, உடம்பும் கொழுக்கும்.

திரும்பி வந்தவள் டிரம்மை அப்படியே போட்டாள். மஞ்சள் துணிக்காரன் பின்னங்காலை அகட்டி நின்றிருந்தான். பக்கத்தில் கற்பூரம் எரிந்த கரி.

"டேய், இத யாருடா தொடச் சொன்னது?"

"சாமிக்கு வுட்ட பன்னியாச்சேக்கா. அதான் மொதல்ல அதுக்கு. கற்பூரம் ஏத்திட்டுத்தான் கத்தியே வெச்சேன்."

"சாமிக்கு இல்லடா, மடையா! கறிக்காரனுக்குச் சொன்ன பொய்யிடா அது!"

"எங்கிட்ட எங்கக்கா சொன்ன? வர்றப்பல்லாம் அந்தத் துணியப் பாத்து நானும் கும்புட்டுட்டுல்ல போறேன்!"

அவள் கையில் கிடைத்த அகப்பையை எறிந்தாள். அதுவும் அவன் மேல் படவில்லை.

இப்போது இரண்டு பெட்டைகளும் பருவத்துக்கு வந்து கத்துகின்றன. அடுத்த பட்டி உமேஷ் சுவர்மேல் சாய்ந்து சிரிக்கிறான்.

"என் வெள்ளைக் கடாவ வுடட்டாக்கா? சும்மாவே வுடறேன்."

"வுட்டுப் பாரு. அதுக்கும் பச்சைமுத்துவக் கூப்புடறேன்."

"சரி, கோவிச்சுக்காதே. முனீஸ்வரன் பொங்கல் எப்போ? கறி உண்டுல்ல?"

கோலாரில் அவள் போன் போடாத ஆளில்லை. குட்டி கொடுத்தவனும் மிச்சத்தை விற்றுவிட்டான். சுவருக்கு அந்தப் பக்கம் உமேஷின் கடா முட்டிக்கொண்டே இருக்கிறது. பட்டிக் கதவுக்குக் கயிறு போதாதென்று சங்கிலியும் போட்டுவிட்டு, தடியோடு அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள் தனக்கோடி.