அப்பா மாற்றி வாசித்த கடிதங்கள்

எங்கள் அத்தை இத்தாலியில் கன்னியாஸ்திரீ என்றுதான் பந்தல்குடியில் எல்லோருக்கும் தெரியும். அப்பாவுடைய தங்கை அவர். பத்தொன்பது வயதில் மடத்தில் சேர்ந்து, அங்கிருந்து இத்தாலிக்கு அனுப்பப்பட்டவர். அவரது கடிதங்கள் அப்பாவின் பலசரக்குக் கடை முகவரிக்கு வரும். தாத்தாவுக்குக் கண் மங்கிவிட்டதால் அப்பாதான் சத்தமாக வாசிப்பார். நாங்களும் சுற்றி உட்கார்ந்து கேட்போம்.

அந்தக் கடிதங்களில் இரண்டு பேர் எப்போதும் வருவார்கள். ஒருவர் மடத்துத் தலைவி மதர். இன்னொருத்தி மடத்தில் வளரும் பெண்பிள்ளை. மதருக்கு மீன்குழம்பு பிடித்துப்போனது, பிள்ளைக்கு அம்மை போட்டது எல்லாம் எங்களுக்கு மனப்பாடம். ஒருமுறை, மதருக்குப் பண்டிகை நாளிலும் பஸ் டியூட்டி என்று வாசித்துவிட்டு அப்பா ஒரு நொடி நின்றார். மடத்து பஸ்ஸை மதரே ஓட்டுவதாகச் சமாளித்தார். தாத்தா அசந்துபோய், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைப் பெருமையாகச் சொன்னார்.

தாத்தா போய்ப் பல வருஷமாகிவிட்டது. போன வருஷம் அப்பாவும் போனார். அருப்புக்கோட்டையில் டீச்சராக இருக்கும் நான், ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையை ஒழுங்குபண்ணப் போனபோது அந்தக் கடிதங்கள் கிடைத்தன. அத்தையின் கையெழுத்தை முதன்முறையாக நானே வாசித்தேன். எதிலுமே மதர் இல்லை. 'எங்க வீட்டுக்காரர்' என்று இருந்தது. 'எங்க மக' என்று இருந்தது.

எல்லாவற்றிலும் பழைய கடிதத்தைத் தேடி எடுத்தேன். கன்னியாஸ்திரீயாகக் கடைசி வார்த்தைப்பாடு கொடுப்பதற்கு முன்பே மடத்தை விட்டு வந்துவிட்டதாக அத்தை எழுதியிருந்தார். முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தபோது தினமும் ஏறிய பஸ்ஸின் டிரைவரைக் கட்டிக்கொண்டாராம். நம்ம அப்பாவுக்குத் தெரிந்தால் தாங்கமாட்டார், நீ என்ன சொல்கிறாய் அண்ணே என்று முடித்திருந்தார்.

கடிதங்களோடு அம்மாவிடம் போனேன். அம்மா பதறவில்லை.

"எனக்கு ஆரம்பத்துலயே தெரியும். உங்க தாத்தா இருக்கிற வரைக்கும் யாருக்கும் சொல்ல வேணாம்னு உங்க அப்பா சொன்னாக. தாத்தா போன பிறகு எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியாமலே இருந்துட்டோம்" என்றாள். தன் போனில் அத்தையைக் கூப்பிட்டு என் கையில் கொடுத்தாள்.

நான் யாரென்று சொன்னதும் அத்தை கொஞ்ச நேரம் அழுதார். அந்தக் கடிதத்துக்கு அப்பா என்ன பதில் எழுதினார் என்று கேட்டேன். ரெண்டே வரி என்றார்.

"நீ நல்லா இரு. இங்க நான் பாத்துக்கிறேன்."

ஏன் ஒருதடவைகூட ஊருக்கு வரவில்லை என்றும் கேட்டேன். வந்தால் கன்னியாஸ்திரீ உடுப்பில்தான் வரவேண்டியிருக்கும், அந்த உடுப்பைப் பொய்யாகப் போட மனசு வரவில்லை என்றார். தாத்தாவின் அடக்கத்துக்கும் அப்பாவின் அடக்கத்துக்கும்கூட வராமல் அங்கேயே கிடந்து அழுததைச் சொன்னார். தாத்தாவுக்காக வருஷக்கணக்கில் வரிக்கு வரி மாற்றி வாசித்த அப்பாவையும், ஒரு பொய் உடுப்புக்குச் சம்மதிக்காத அத்தையையும் நினைக்கையில் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"இப்ப உங்க சேலையில வாங்க அத்தை. மாமாவையும் கூட்டிட்டு வாங்க" என்றேன்.

தை மாதம் மதுரையில் வந்து இறங்கினார்கள். மகளுக்கு லீவு கிடைக்கவில்லை. மாமா நெடுநெடுவென்று உயரம், தலை முழுக்க நரை. காரியாபட்டி தாண்டும்வரை எங்கள் கார் டிரைவர் கியர் மாற்றுவதையே பார்த்துக்கொண்டு வந்தார். அத்தை மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி, கரிசல் காட்டையும் கருவேல மரங்களையும் விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றோம். அப்பாவோடு படித்த ஒரு பெரியவர் அத்தையை அடையாளம் கண்டு கிட்டே வந்தார். "சிஸ்டரா? எப்ப வந்தீக?" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

அத்தை என்னைப் பார்த்தார். நான் வாயெடுக்கும் முன் அவரே பேசினார்.

"சிஸ்டர் இல்லண்ணே. நான் கல்யாணம் முடிச்சு முப்பது வருஷமாச்சு. இவுகதான் எங்க வீட்டுக்காரர்."

பெரியவர் மாமாவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். மாமா அதை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். வாசலில் நின்ற பெண்கள் ஒவ்வொருவராக எங்கள் பக்கம் நகர்ந்து வந்தார்கள். நான் மாமாவின் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் அவரை அறிமுகப்படுத்தினேன்.