மீனம்மாவின் பெயருக்குக் கீழே பிழை

ரஜிதாவுக்கு நான் நாற்பத்தையாயிரம் ரூபா கடன்பட்டிருந்தேன். வங்கியில் ஒரு சதம் வாங்காமல் நெல் அறுக்க மூன்று அருவி வெட்டு மெசின் வைத்திருப்பவன் நான். படித்தது ஐந்தாம் வகுப்பு. மல்லாவியில் எவரைக் கேட்டாலும் என் வளவுக்கு வழி சொல்வார்கள். அப்படிப்பட்ட நான் ஒரு பிள்ளையின் கூலியை மறித்து வைத்திருந்தேன்.

ரஜிதா ஸ்கந்தபுரத்துப் பெண். தகப்பன் மலையகத்திலிருந்து வந்து வயல் கூலிக்குப் போகிறவர். இவள் வவுனியாவில் கணினி படித்தாள். வேலியோரப் பாலை மரத்தடியில்தான் சிக்னல் கிடைக்கும் என்பதால், அங்கே கதிரை போட்டிருந்து, வயல்காரர் என் மெசினைப் போனிலேயே பதிவதற்கு ஒரு செயலி எழுதித் தந்தாள். அதன் தலைப்பில் என் அம்மாவின் பெயர்: மீனம்மா அறுவடை.

சோதித்துப் பார்த்த அன்று அந்தப் பெயருக்குக் கீழே சிவப்பில் ‘பிழை’ என்று வந்தது.

“அம்மான்ர பேருக்குக் கீழ உது வரக்கூடாது. எடு, பிள்ளை.”

“ஐயா, பதிவை அனுப்பிப்போட்டு செயலி காத்துக்கொண்டு நிக்காது. பதில் வரேக்க ஓடுறதுக்கு ஒரு துண்டு எழுதி வைச்சிருக்கிறன், கோல்பாக் எண்டு சொல்லுறது. அதுக்கு முதல்ல பிழை வந்ததோ எண்டுதான் தெரியவரும். அதைப் பாக்காமல் விட்டால், பதியாமலே ‘பதிஞ்சாச்சு’ எண்டு காட்டும்.”

“மூண்டு மெசின் ஓட்டுறவனுக்கு நீ படிப்பிக்கிறியோ? எடு எண்டால் எடு.”

எடுத்தாள்.

மாசியில், மெசினுக்குப் பதிந்திருந்த வயல்காரி வடிவம்மா என் வளவுக்கு வந்து நின்றா. சிக்னல் அறுந்து அவாவின் பதிவு எங்களிடம் வந்து சேரவேயில்லை. போனில் மட்டும் ‘பதிஞ்சாச்சு’. மெசின் வருமென்று பார்த்திருக்க, மழை விழுந்து நெல் படுத்துவிட்டது.

“அதை நம்பித்தானே நான் வேற மெசின் பிடிக்கேல்லை” என்றா.

சுற்றிவர ஆட்கள். கூலி வாங்க வந்து நின்ற ரஜிதாவை நான் காட்டினேன். “இவள் எழுதின கோளாறு. ஒரு சதமும் குடுக்கமாட்டன்.”

“பிள்ளை இனிக் கோழி வளர்க்கட்டும்” என்றார் தேநீர்க்கடை முத்துலிங்கம். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“ஐயாவுக்குத் தெரியும்” என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் சைக்கிளை எடுத்தாள்.

வடிவம்மாவின் நட்டத்தை மூட்டை நெல்லாகவே இறக்கிக் கொடுத்தேன். அது எனக்குச் சுலபம். ஆனால் ரஜிதாவிடம் தன் கடைக்கும் ஒரு செயலி கேட்டிருந்த உரக்கடைக்காரர், என் கதையைக் கேட்டு, வேலையைத் தரமாட்டேன் என்றுவிட்டாராம். அவரே வந்து, “நல்லகாலம், நீங்கள் சொன்னது” என்று எனக்கு நன்றி சொன்னார். அவரைப் போகவிடாமல் மறித்தேன்.

அவரையும் முத்துலிங்கத்தையும் வடிவம்மாவையும் வளவில் இருத்தி, ரஜிதாவைக் கூப்பிட்டேன்.

“பிழையைக் காட்டாதை எண்டு சொன்னது நான். இவள் வேண்டாம் எண்டுதான் சொன்னவள்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

“இனிப் பிழை வந்தால் செயலி என்ன செய்யட்டும், ஐயா?” என்றாள் ரஜிதா.

“நீ சொல்லு.”

“ரெண்டாந்தரம் அனுப்பிப் பாக்கட்டும். அதுவும் சரிவராட்டி, பதியேல்லை, போன் எடுங்கோ எண்டு காட்டட்டும்.”

“காட்டட்டும்.”

காசை மடித்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

“எண்ணித் தாங்கோ, ஐயா. எல்லாரும் பாக்கட்டும்.”

கையை விரித்தாள். ஐயாயிரம் ரூபாத் தாள்களை ஒவ்வொன்றாக அந்த உள்ளங்கையில் வைத்து, எல்லோருக்கும் கேட்க எண்ணினேன்.