வேம்புலியின் கார் ஆம்ப்ளிஃபயர்

என் நைனா கோதண்டமும் நானும் கடைசியாகச் சேர்ந்து பார்த்த வேலை வேம்புலியின் கார் ஆம்ப்ளிஃபயர். 1976, ஆடி மாதம். அண்ணனூர் வீட்டில் பழைய கதவு ஒன்றைக் கால்கள் மேல் ஏற்றி நைனா டெஸ்ட் பெஞ்ச் போட்டிருந்தார். அதன்மேல் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி, மீட்டர், சால்டரிங் அயன்.

வேம்புலி முத்தாபுதுப்பேட்டையில் அறிவிப்புக் கார் ஓட்டுபவர். சினிமாக் கொட்டகையோ கோயில் திருவிழாவோ, அவர் காரின் கூரையில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில்தான் ஊருக்குத் தெரியும். அந்த ஆம்ப்ளிஃபயர் மூன்றாவது முறையாக வந்திருந்தது. ஒவ்வொரு முறையும் மைனஸ் வயர் கருகியிருக்கும். ஃபியூஸ் மட்டும் போயிருக்காது. வயரை மாற்றிப் பெஞ்சில் வைத்தால் நாள் முழுக்கப் பாடும். காருக்குப் போனால் சில நாள்தான்.

கோதண்டம் பழைய டிரான்சிஸ்டரைப் போட்டுவிட்டார் என்று வேம்புலி ஸ்டேஷன் டீக்கடையில் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து நைனா அந்தக் கடைக்குப் போகவில்லை.

அம்பத்தூரில் தொழிற்பேட்டை எஸ்டேட் வந்தபோது நைனா வீட்டு நிலம் அதற்குள் போனது. அங்கேயே ஒரு கம்பெனியில் பேட்டரி சார்ஜ் செய்யும் வேலைக்குச் சேர்ந்தார். ஷிப்ட் முடிந்து ரேடியோ ரிப்பேர் கற்றார். ரிப்பேர் ஆன சாமானைத் தானே கொண்டுபோய், அது இருக்கும் இடத்தில் வைத்துக் கேட்ட பிறகுதான் திரும்புவார். கல்யாணப் பந்தலில் அழைப்பில்லாமல் உட்கார்ந்து கேட்டதுண்டு. வேம்புலி மட்டும் அவசரம் என்று வாசலிலேயே வாங்கிப் போய்விடுவார். நைனாவும் விட்டுவிட்டார்.

நான் டிப்ளமா முடித்து எஸ்டேட்டில் டெஸ்டிங் பிரிவில் இருந்தேன். அன்று மீட்டரை நான் பார்த்தேன். நைனா ஸ்க்ரூடிரைவர் பிடியால் பெட்டியைத் தட்டினார், ஆட்டினார். முள் நிலையாக நின்றது.

“பாரு பத்மா, இங்க ஒழுங்கா கீது. அவன் வண்டில ஏறினாத்தான் இதுக்குச் சீக்கு வருது.”

“அது எந்தக் காலத்து வண்டி நைனா?”

“உங்கம்மாவுக்கு மூத்தது.”

“ஏன், உனுக்கு மூத்ததுன்னு சொல்றது,” என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து. “ரெண்டு பேரும் அந்தப் பொட்டியவே துன்னுங்க. சோறு ஆறிப் போவுது.”

நைனா என்னைப் பார்த்தார். எனக்கும் அதே யோசனை. பழைய கார்கள் பலவற்றில் பேட்டரியின் பிளஸ்தான் காரின் இரும்போடு சேர்ந்திருக்கும். இந்த ஆம்ப்ளிஃபயரின் பெட்டி மைனஸோடு சேர்ந்தது. சீட்டில் இருக்கும்வரை தொல்லையில்லை. பள்ளத்தில் குலுங்கிப் பெட்டி இரும்பைத் தொட்டால் ஷார்ட். அது மைனஸ் வயர் வழியாகவே போய்விடும். ஃபியூஸ் இருப்பது பிளஸ் வயரில். எங்கள் பெஞ்ச் மரம். அதில் எத்தனை நாள் வைத்தாலும் தெரியாது.

நைனா எண்ணெய் டின் மூடி ஒன்றைப் பெஞ்சில் வைத்து பேட்டரியின் பிளஸ்ஸோடு வயரால் இணைத்தார்.

“இத்தான் வேம்புலி காரு.”

பெட்டியின் மூலையை அதில் தொடவைத்து எடுத்தார். பொறி பறந்தது. மைனஸ் வயர் புகைந்தது. ஃபியூஸ் அப்படியே இருந்தது.

“ரெண்டு தபாவும் நான் போய்ப் பாக்கல,” என்றார்.

மறுநாள் ஒரு பலகையை அறுத்தார். பெட்டியைப் பலகையில் திருகி, பலகையைக் காரில் திருக வேண்டும். பெட்டி இரும்பைத் தொடாது.

“ஞாயித்துக்கெழம நானே போய் மாட்றேன். அவன் ஓட்டட்டும், நான் பக்கத்துல குந்திகினு கேக்கறேன். அப்புறம் அந்த டீக்கடையிலயே வந்து சொல்லட்டும், டிரான்சிஸ்டரு பழசா புதுசான்னு.”

சனிக்கிழமை காலையில் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே நைனா இறந்துவிட்டார்.

வேம்புலி மாலையோடு வந்தார். கால்மாட்டில் நின்று, எல்லோரும் கேட்கச் சொன்னார்: “நல்ல மனுசன். என் சாமானுக்குத்தான் பழசப் போட்டுட்டாரு. போவட்டும். அத்த நான் மனசுல வச்சுக்கல.”

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். எனக்குப் பதில் தெரியும். அம்மா என் தோளில் சாய்ந்திருந்தாள்.

வேம்புலி ஆம்ப்ளிஃபயரைக் கேட்கவில்லை. அதை முத்தாபுதுப்பேட்டைக்குக் கொண்டுபோய்க் காரில் பலகை வைத்து மாட்டி, பள்ளமான ரோட்டில் அவரை ஓட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டிய வேலை நைனா முடிக்காமல் விட்டது. இனி அது என்னுடையது.