இருநூற்றுப் பன்னிரண்டு படிவங்கள்

அலுவலகத்தில் அவரை ஸ்கேல்காரர் என்பார்கள். கணினி வந்து இருபது ஆண்டுகள் ஆகியும், அச்சாகி வந்த பக்கத்தின் ஓரத்தில் இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்ப்பார். அரை மில்லிமீட்டர் பிசகினால் அன்று அவருக்குச் சாப்பாடு இறங்காது. உலகத்தில் வேறு பல பிசகுகள் உண்டு. அவற்றோடு அவர் சமாதானமாகவே இருந்தார்.

அவர் பக்கம் வடிவமைத்த நிறுவனம் ஒரு குறுக்கெழுத்து மாத இதழும் ஒரு உடல்நல இதழும் நடத்தியது. குறுக்கெழுத்து வாசகர்கள் சந்தாவைப் புதுப்பிக்க மறப்பதில்லை. இறந்துபோனார்கள், அவ்வளவுதான். எனவே முதலாளிக்கு இளைஞர்கள் மேல் திடீர்ப் பாசம் வந்தது.

"பாட்டுக்குன்னு ஒரு பத்திரிகை. பதினெட்டுலேர்ந்து இருபத்திநாலு வயசு. அவங்களுக்கு என்ன வேணும்னு விசாரிச்சு, மூணு வாரத்துல மாதிரி இதழ் ஒண்ணு கொண்டாங்க" என்றவர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சேர்த்தார்: "இது தேறலைன்னா வடிவமைப்புப் பிரிவை மூடிட்டு வேலையை வெளியில குடுத்துடலாம்னு இருக்கேன்."

பிரிவு என்பது ஸ்கேல்காரரும், பிழைதிருத்தும் அம்மாளும், தலையாட்ட மறந்த ஒரு மேசை மின்விசிறியும்.

"ஐம்பத்திநாலு வயசுல நீங்க இளவட்டத்துக்குப் பத்திரிகை பண்ணப் போறீங்களா?" என்றாள் அந்த அம்மாள். "பண்ணுங்க சார். நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே பதினோரு வருஷமா நான் தேகப்பயிற்சிப் பக்கத்தைத் திருத்தலையா?"

பன்னிரண்டு கேள்விகளோடு படிவம் தயாரித்தார். கல்லூரி வாசல், ரயில் நிலையம், பேருந்து நிறுத்தம் என்று கால் கடுக்க நின்றார். வழிப்போக்கர்களை மறிப்பது அவர் சுபாவத்துக்கு ஒவ்வாத காரியம். ஆனாலும் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் நிரப்பிக் கொடுத்தார்கள். முடிவுகள் அவரையே அசத்தின. இளைஞர்களுக்கு ஆரவாரம் பிடிக்கவில்லை. நிதானமான கட்டுரைகள் வேண்டும். நிறைய வெள்ளை இடம் வேண்டும். விரும்பிக் கேட்கும் பாடகர் என்ற கட்டத்தில் பாதிப் பேர் "யாருமில்லை" என்று எழுதியிருந்தார்கள். தலைமுறை பக்குவப்பட்டுவிட்டது என்று எண்ணி, தன் வாழ்நாளின் மிக அழகான அறுபத்திநாலு பக்கங்களை வடிவமைத்தார். முதலாளி புரட்டிப் பார்த்து, "கோயிலுக்குள்ள போன மாதிரி இருக்குய்யா" என்றார். வெள்ளிக்கிழமை விளம்பரதாரர்களிடம் காட்டுவதாக ஏற்பாடு.

வியாழன் காலை, அவர் மகள் காதிலிருந்த இயர்போனைக் கழற்றிவிட்டு மேசை மேல் கிடந்த படிவத்தை எடுத்துப் பார்த்தாள். அவளுக்கு வயது இருபது. விழித்திருக்கும் நேரமெல்லாம் காதில் பாட்டு.

"ஏம்ப்பா, ஊர் முழுக்கக் குடுத்திருக்கீங்க. எனக்கு ஒண்ணு நீட்டலையே?"

"நீ எந்நேரமும் காதுல மாட்டிக்கிட்டு இருக்கேம்மா. ரசிச்சுக்கிட்டு இருக்கறவங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னுதான்..."

"ரோட்டுலயும் அப்படித்தானா?"

ஆமாம், ரோட்டிலும் அப்படித்தான். காதில் எதையாவது மாட்டியிருந்தவர்களையெல்லாம் மரியாதையாக வழிவிட்டு அனுப்பிவிட்டு, சும்மா நின்றவர்களிடம் மட்டுமே படிவத்தை நீட்டியிருந்தார். இசைப் பத்திரிகைக்காக, பாட்டில் நாட்டமில்லாத இருநூற்றுப் பன்னிரண்டு பேரைப் பொறுக்கி எடுத்திருந்தார்.

மகள் சிரிக்கத் தொடங்கி, அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். சிரித்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

அலுவலகத்தில் விஷயத்தைக் கேட்ட பிழைதிருத்தும் அம்மாள் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். "யாருக்கும் தெரியாதுல்ல? பேசாம இருங்க. முதல் இதழ் வரட்டும். ஆறு மாசமாவது ஓடும். எனக்கு ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கு சார்."

"அளவு தப்பா இருக்கே" என்றார் அவர். வேறு நியாயம் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

முதலாளியிடம் போய் உள்ளதைச் சொன்னார். முதலாளி திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. விளம்பரதாரர்களைத் தொலைபேசியில் தள்ளிப்போட்டு, ஒரு வாரம் அவகாசம் கொடுத்தார். ஸ்கேல்காரர் மறுபடி ரயில் நிலையத்துக்குப் போனார். இம்முறை தோளைத் தொட்டார். ஒவ்வொரு தொடலுக்கும் முன்னால் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். அவர்கள் எரிந்துவிழவில்லை. ஒரு காதை மட்டும் விடுவித்து, பணிவாகவே சொன்னார்கள்.

"பாட்டைப் பத்திப் படிக்கறதா? எதுக்கு அங்கிள்?"

"கேட்டாப் போதுமே."

"தாத்தாவுக்கு வேணா வாங்கிக் குடுக்கலாம்."

நூற்றைம்பது பேரில் வாங்குவேன் என்றவர்கள் நான்கு பேர். அதில் ஒருவன் ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் எல்லாக் கட்டத்திலும் "ஆம்" போட்டிருந்தான். முதல் கூட்டம் படிக்கும்; பாட்டு வேண்டாம். இரண்டாவது கூட்டத்துக்குப் பாட்டு வேண்டும், படிக்காது.

இதை அறிக்கையாக எழுத அவருக்கு இரண்டு நாள் பிடித்தது. ஒன்பது பக்கம். எண்களை வலப்பக்கம் ஒழுங்காக அணிவகுக்கச் செய்தார். தலைப்புகளுக்கு மேலே மூச்சு விட இடம் விட்டார். பிழைதிருத்தும் அம்மாள் அதை வாங்கி, இரண்டு ஒற்றுப்பிழைகளைத் திருத்தித் திருப்பிக் கொடுத்தாள். இருவரின் வேலையும் மாதக் கடைசியோடு முடிகிறது என்பதுதான் அதன் சாரம். அதில் பிழை எதுவும் இல்லை.

முதலாளி நின்றுகொண்டே படித்தார். கடைசிப் பக்கம் வரை போய், மறுபடி முதல் பக்கத்துக்கு வந்து, தாளை விரலால் தடவினார்.

"எவ்வளவு தெளிவாப் போட்டிருக்கீங்க" என்றார். "ஒரு தடவை பார்த்தாலே எல்லாம் விளங்கிடுது."

ஸ்கேல்காரர், "நன்றிங்க" என்றார்.