எவாரிஸ்தோவின் தொப்பை

எங்கள் ஊரில் மருந்துக்கடை, மதுக்கடை, பாலாடைக்கட்டி எல்லாவற்றுக்கும் எங்கள் சீமையில் நடப்பதாக எழுதிய ஒரு பழைய நாவலிலிருந்து எடுத்த பெயர்தான். நானூறு வருஷமாக அதைச் சொல்லியே பிழைக்கிற லா மாஞ்சாவில், அதைக் கடைசிப் பக்கம்வரை படித்தவர் யார் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. நானும் பாதிதான். ஆனால் காற்றாலையை ராட்சதன் என்று நினைத்து ஈட்டியோடு பாய்ந்த ஒல்லி வீரனையும், கழுதைமேல் உட்கார்ந்து "வேண்டாம் சாமி" என்று கத்திய குண்டுச் சேவகனையும் சொந்தக்காரர்களைப் போல எல்லோருக்கும் தெரியும். புருஷன் கிறுக்குத்தனம் செய்தால் பெண்டாட்டி அந்த வீரனின் பெயரைச் சொல்லித்தான் திட்டுவாள்.

திராட்சைத் திருவிழாவில் அந்த இருவரும் ஊர்வலம் வந்து, சதுக்கத்தில் வசனம் பேசி நடிப்பார்கள். உடை தைப்பது நான். வீரன் வேஷம் ஹசிந்தோவுக்கு. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன், கர்வக்காரன். குதிரைமேல் ஏறிவிட்டால் என்னைக்கூட அடையாளம் தெரியாது. சேவகன் எவாரிஸ்தோ, அவனுடைய சின்ன வயதுச் சிநேகிதன், ஒயின் ஆலையில் டிராக்டர் ஓட்டுகிறான். அவன் கழுதை வந்தால் சனங்கள் ஓடிப்போய் அவன் தொப்பையைத் தட்டுவார்கள். அவனும் சட்டையைத் தூக்கிக் காட்டுவான். அவனைப் பிடிக்காதவர் ஊரில் கிடையாது.

போன வருஷம் சர்க்கரை முற்றி அவன் கால்விரலில் புண் வந்தது. வாயைக் கட்டாவிட்டால் காலை எடுக்க வேண்டிவரும் என்றார் டாக்டர். மனைவி ப்ரூதென்சியா வீட்டிலிருந்த பன்றித் தொடையை ஒரே நாளில் அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டாள். புண் ஆறியது. தொப்பையும் போய்விட்டது.

ஆகஸ்டில் திருவிழாக் குழுத் தலைவி ஃபெலிசா அவனைத் தேடி வந்தாள்.

"கோவிச்சுக்காத எவாரிஸ்தோ. ஒல்லிச் சேவகனை எவன் பாப்பான்? பேக்கரிக்காரனைக் கேட்டிருக்கோம். திருவிழாக்குள்ள நீ உடம்பத் தேத்திட்டா, வேஷம் உனக்குத்தான்."

என் வாய் சும்மா இருந்திருக்கலாம். பஞ்சு வைத்துத் தைத்துத் தருகிறேன் என்று நான் சொன்னதற்கு எவாரிஸ்தோ முறைத்தான். "தொட்டுப் பாத்தா பஞ்சா? ஜனங்கள ஏமாத்தச் சொல்றியா?"

அப்புறம் புண் மறுபடி வாய் திறந்தது. ப்ரூதென்சியாவுக்குக் காரணம் புரியவில்லை. "நான் உப்புக்கூடப் பாத்துத்தான் போடறேன்" என்று என்னிடம் அழுதாள். உண்மை என்னவென்றால், ஐயா தினமும் ஹசிந்தோ வீட்டு ஒயின் நிலவறைக்குள் நுழைந்து, பன்றிக் கொழுப்பில் வறுத்த ரொட்டியைத் தட்டுத் தட்டாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். ஹசிந்தோவே ஒரு நாள் கையும் களவுமாகப் பிடித்தான். அங்கே என்ன பேசினார்கள் என்று தெரியாது. ஹசிந்தோ நேராக என் தையல் கடைக்கு வந்தான்.

"சேவகன் உடுப்ப எனக்கு அளவெடு."

"உனக்கா? உன் விலா எலும்ப எண்ணலாமே."

"பஞ்சு வை. நெறய வை. என் கவசத்த அவன் அளவுக்கு மாத்து. பேக்கரிக்காரன் வேண்டாம்னு ஃபெலிசாகிட்ட நான் சொல்லிக்கறேன்."

"ஊரு சிரிக்கும்டா, ஹசிந்தோ."

"சிரிக்கட்டும். அவனுக்குக் கால் இருக்கணும்."

குதிரைமேல் ஏறினால் தன்னை ராஜா என்று நினைக்கிறவன் இதைச் சொன்னான். எனக்கு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, கண்ணில் தண்ணீர்.

திருவிழா அன்று, நான் சொல்லிவைத்தபடி, ப்ரூதென்சியா கணவனைக் கடைக்கு இழுத்து வந்தாள். பஞ்சுத் தொப்பையோடு நின்ற ஹசிந்தோவைப் பார்த்ததும் எவாரிஸ்தோ வாசலிலேயே நின்றுவிட்டான்.

"டேய், என்னடா இது? எனக்கு ஈட்டியே பிடிக்கத் தெரியாது."

"என் வசனம் பூரா உனக்குத் தெரியும். நான் மறக்கிறப்பல்லாம் பக்கத்துல இருந்து எடுத்துக் குடுத்தது யாரு?"

"சரி, என் வசனம் உனக்குத் தெரியுமா?"

ஹசிந்தோ தன் தொப்பையைச் சரிசெய்துகொண்டே நின்றான். பிறகு சொன்னான்: "ஒரு வரிகூடத் தெரியாது. நீ பேசறப்ப நான் கூட்டத்தப் பாத்துட்டு இருந்தேன். இத்தன வருஷமா."

எவாரிஸ்தோ கவசத்தை எடுத்தான். அதற்குள் கையை நுழைத்தான். ப்ரூதென்சியா வாரைக் கட்டினாள்.

சதுக்கத்தில் சனம் விழுந்து விழுந்து சிரித்தது, முக்கியமாக ஹசிந்தோவைப் பார்த்து. அவன் கழுதையைக் குதிரையோடு ஒட்டி நிறுத்தினான். எவாரிஸ்தோ குனிந்து சேவகன் வசனத்தை ஒவ்வொரு வரியாக முணுமுணுக்க, ஹசிந்தோ தலையைத் தூக்கி, அவன் முகத்தைப் பார்த்து, முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறந்தான்.