பூட்டிய வீட்டு வாசலில் முடிந்த ஒத்திகை

"அணுகுண்டு போட்டா எத்தன தீயணைப்பு வண்டி சார் வரும்?"

கண்டனூரில் நடந்த கூட்டத்தில் இப்படிக் கேட்டவர் செல்வி. எல்லையில் சண்டை மூண்டிருந்த வாரம் அது. நான் தீயணைப்புத் துறையில் நிலைய அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். குடிமைப் பாதுகாப்புப் பயிற்சி எடுத்தவன் என்பதால் மாக் டிரில் என்னும் ஒத்திகையை நடத்த உதவிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சைரன் அடித்தால் என்ன செய்வது என்று சொல்லி முடித்து, டீ வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பக்கத்துல விழுந்தா ஒண்ணுகூட வராதும்மா" என்றேன்.

கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் வேலையில் இருந்த காலத்தில் செக்காலை ரோட்டில் ஒரு ஜவுளிக் கிடங்கு பற்றியபோது எங்கள் வண்டிகள் போதாமல் பக்கத்து ஊர் வண்டியும் வந்தது. அப்படியும் அடுத்த கடையைத்தான் காப்பாற்ற முடிந்தது. அணுகுண்டு விழுந்த ஊரில் எல்லாக் கிடங்கும் எல்லா வீடும் ஒரே நேரத்தில் பற்றும். தண்ணீர்க் குழாய் உடைந்திருக்கும். ரோட்டில் கட்டடம் கிடக்கும். ஹோஸ் பிடிக்க வேண்டியவனும் காயத்துக்கு மருந்து போட வேண்டிய டாக்டரும் செத்தவர்களோடு கிடப்பார்கள். இந்த வேலையில் சேரும் தம்பி தங்கைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் வண்டியால் அணைக்க முடியாத தீ ஒன்று உண்டு.

குண்டுக்கும் எல்லை உண்டு

கூட்டம் கலைந்த பிறகும் செல்வி போகவில்லை.

"தூரத்துல விழுந்தா?"

"அப்பப் பொழைக்க வழி இருக்கு. வெளிச்சத்தப் பாக்கக் கூடாது. அப்புறம் காத்துல விஷத்தூசி வரும். கனமான சுவருக்குள்ள, மேல மூடின அறையில இருந்துட்டா பெரும்பாலும் தப்பிக்கலாம். முதல் நாள்தான் ரொம்ப மோசம். அப்புறம் அதோட வீரியம் வேகமாக் குறைஞ்சுரும்."

"எங்க வீடு தகரம் சார். எங்க வீட்டுக்காரரால எந்திரிக்க முடியாது."

அவர் கணவர் முருகேசன் தச்சு வேலைக்காரர். சாரம் சரிந்து விழுந்ததிலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அவர்களுடைய தகரக் கொட்டகைக்கு முன்னால் ஒரு செட்டியார் வீடு, தெருவிலிருந்து தெரு வரை நீளும். முழங்கை நீளத்துக்குக் கனமான சுண்ணாம்புச் சுவர். நடுவில் இருக்கும் வளவு, அதாவது முற்றம், வானம் பார்த்தது, தூசி நேராக இறங்கும், ஆகாது. ஆனால் அதைச் சுற்றி இருக்கும் உள்ளறைகளைவிட நல்ல இடம் அந்த ஊரில் இல்லை. கல்யாணம் என்றால் மட்டும் திறக்கிற வீடு. அதைக் கூட்டிப் பெருக்குவதே செல்விதான்.

"சாவி எங்கிட்டதான் சார் இருக்கு. வாசலு, வளவு கூட்டத்தான் உத்தரவு. ஆள ஏத்தக் கூடாது. உள்ளறைகளுக்கு வீட்டுக்காரப் பங்காளிக பூட்டுப் போட்டு, சாவிய அவுகளே வச்சிருக்காக."

சென்னையில் இருக்கும் மூத்த பங்காளி சோமசுந்தரத்துக்குப் போன் போட்டு, ஆபத்துக்கு ஓர் உள்ளறையைத் திறந்துவிடலாமா என்று கேட்டேன். மரியாதையான மனிதர்.

"அணுகுண்டு விழுந்தா என்ன சார் மிஞ்சப் போகுது? ஒரு வீட்டத் தொறந்து என்ன செய்யப் போறீக?"

நான் சுவரின் கனத்தைச் சொன்னேன், தூரத்தைச் சொன்னேன், தூசியைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது வெளங்குது. ஆனா ஒரு அறையத் தொறக்கணும்னாலும் எல்லாரும் சரிங்கணும். சிங்கப்பூர்ல ஒருத்தரு, அமெரிக்காவுல ஒருத்தரு இருக்காக. கல்யாணத்துக்குத் தொறக்குறதுக்கே நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும்."

கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். கேட்டும் பார்த்திருக்கிறார். ஒருவர் கூடாது என்றாராம். மற்றவர்களிடமிருந்து பதிலே வரவில்லை.

டிரில்

சைரன் அடித்தது. கயிற்றுக் கட்டிலோடு முருகேசனைத் தூக்கி வந்தார்கள். தலைமாட்டைச் செல்வி பிடித்தார், கால்மாட்டைப் பக்கத்து வீட்டு ஆட்கள் இருவர். வீட்டைச் சுற்றி முன்வாசலுக்கு வந்து கட்டிலை இறக்கினார்கள். செல்வியின் இடுப்பில் சாவி தொங்கியது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

சர்வீஸ் முழுக்கப் பூட்டிய கதவை உடைத்துச் சம்பளம் வாங்கியவன் நான். தீ என்றால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. இது தீ இல்லை, ஒத்திகை. வாசலிலேயே விசில் ஊதி முடித்தேன்.

"சரி, திரும்புவோம். வெயிலு ஏறுது" என்றார் முருகேசன். விசிலைப் பையில் போட்டுக்கொண்டேன்.

சண்டை சில நாளில் நின்றது. நல்ல வேளை என்று எல்லாரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். அடுத்த முகூர்த்தத்தில் அந்த வீடு ஒரு கல்யாணத்துக்குத் திறந்தது. எல்லாப் பங்காளிகளும் சம்மதித்து, சீரியல் லைட் போட்டு, வளவு நிறையப் பந்தி நடந்தது. எனக்கும் பத்திரிகை வந்திருந்தது. போய்ப் பந்தியில் உட்கார்ந்தேன்.

நான் கற்றது இவ்வளவுதான். அந்தக் குண்டின் தீயை அணைக்க நம்மிடம் எதுவும் இல்லை, அதனால் அது விழவே கூடாது. ஆனால் விழுந்தால் எல்லாமே போய்விடும் என்று சொல்லிக்கொண்டே, பிழைக்கக் கூடியவர்களையும் முன்கூட்டியே கைவிட்டுவிடுகிறோம். அது குண்டு செய்கிற வேலை அல்ல, நாம் செய்வது.

பந்தி முடிந்து எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்த செல்வி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"கவலப்படாதீக சார். அப்படி ஒண்ணு விழுந்தா பூட்ட ஒடச்சு நானே அவர உள்ள கொண்டு போயிருவேன். அன்னைக்கு என்னைய யாரு கேக்கப் போறா?"

சரிம்மா என்றேன். அன்றைக்குக் கட்டிலின் கால்மாட்டை யார் பிடிப்பார்கள் என்று நான் கேட்கவில்லை.