சாரலில் திறந்த ஷட்டர்

கொரோனா வருவதற்கு முந்தைய கார்த்திகை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. பூதப்பாண்டியிலிருந்து வடசேரிக்குப் போகும் பஸ்ஸில் மதியம் இரண்டு பத்துக்கு ஏறினேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. எப்படி இவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறேன் என்றால், கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து டைரி எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. மழை, பஸ் நேரம், வாசித்த புத்தகம், வீட்டுக்கு வந்தவர்கள் என்று எதையும் விடமாட்டேன்.

அப்போது எனக்கு முப்பத்து மூன்று வயது. மடியில் ஸ்கேன் கவர். மாதவிலக்கு பத்து நாள், பன்னிரண்டு நாள் என்று நீண்டுகொண்டே போனதால், கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை ஆப்பரேஷன். அதற்கு முன் செய்யவேண்டிய ரத்தப் பரிசோதனைக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். இரண்டு பிள்ளைகள் பிறந்தாயிற்று, இனி அது எதற்கு என்று வீட்டிலும் பேச்சு. எனக்கும் பெரிய பயம் இல்லை. அம்மாவின் காலத்தில் ஐம்பதை நெருங்கிய யாரோ ஒருவருக்கு இந்த ஆப்பரேஷன் நடந்ததாகக் கேள்விப்படுவோம். ஆனால் எங்கள் தெருவில் அந்த ஒரு வருடத்தில் மட்டும் நான்கு வீடுகளுக்கு ஆரஞ்சும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு பார்க்கப் போயிருந்தேன். டைரியில் இருக்கிறது. நான்கு பேரில் ஒருத்திக்கும் நாற்பது ஆகவில்லை. பல் பிடுங்குவதைப் போல ஆகியிருந்தது அது.

இரண்டு நிறுத்தம் தள்ளி, மீன் விற்றுவிட்டுத் திரும்பும் ஒரு பெண் ஏறினார். இடுப்பிலிருந்த காலி அலுமினியச் சருவத்தைப் பின்னால் கொண்டு வைக்கச் சொன்னார் கண்டக்டர்.

"உள்ள மீன் இல்ல அண்ணே, வாசம் மட்டுந்தான். அதுக்கும் டிக்கெட் போடுவியளா?"

பஸ்ஸே சிரித்தது. சருவத்தை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த அவர், என்னைத் தாண்டிக் கை நீட்டி ஜன்னல் ஷட்டரைத் தூக்கிவிட்டார். சாரல் நேராக ஸ்கேன் கவரில் விழுந்தது.

"அக்கா, மழை அடிக்குது" என்று எரிச்சலோடு இறக்கினேன். இரண்டு நிமிடத்தில் மறுபடி தூக்கினார். அந்தக் குளிரிலும் அவர் நெற்றியிலும் கழுத்திலும் வேர்வை வழிந்துகொண்டிருந்தது.

"கோவப்படாத மக்கா. உள்ளுக்குள்ள அடுப்பு மாதிரி எரியுது. கொஞ்ச நேரத்துல அடங்கிரும். நீ அந்தக் கவரை இங்க தா."

வாங்கித் தன் முந்தானைக்குள் பொதிந்துகொண்டார். கவரில் அச்சடித்திருந்த பெண்கள் ஆஸ்பத்திரியின் பெயரைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"எடுக்கச் சொல்லிட்டாவளா?"

"ஆமாக்கா. வெள்ளிக்கிழமை."

"எடுத்துப் போடு. மாசாமாசம் கிடந்து சாவாண்டாம். எனக்கு எடுத்து ஆறு வருசமாச்சு. எங்க தெருவுல எடுக்காதவ யாருன்னு தேடித்தான் பாக்கணும்."

எடுத்த பிறகு வந்ததுதான் இந்த எரிச்சலும் முட்டுவலியும் தூக்கமின்மையும் என்று, யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் சேர்த்து எடுத்திருந்தது, பிற்பாடு வேறொரு ஆஸ்பத்திரியில் சீட்டைப் பார்த்துச் சொல்லித்தான் அவருக்கே தெரிந்ததாம். வயது நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும் என்று நினைத்தேன். எனக்கு எதிலும் கணக்கு சரியாக இருக்கவேண்டும். எந்த வருடம் பிறந்தீர்கள் என்று கேட்டேன்.

"வருசமெல்லாம் யாருக்குத் தெரியும்? சுனாமி வந்த அன்னைக்கு நான் பத்தாங்கிளாஸ். கிறிஸ்மஸுக்கு எடுத்த புதுப்பாவாடை நனைஞ்சிரப்பிடாதுன்னு தலைக்கு மேல புடிச்சிட்டு ஓடுனேன். அம்மைக்கு அதுக்கு ஒரே ஏச்சு."

சுனாமி வந்தபோது நான் கல்லூரி முதலாண்டு. விரலை மடக்கிப் பார்த்தேன். மறுபடியும் மடக்கிப் பார்த்தேன். அவர் என்னைவிட மூன்று வயது இளையவர். ஆப்பரேஷன் நடந்தபோது இருபத்து நான்கு.

என் வயதைச் சொன்னேன். என் முகத்தை நன்றாக ஒருமுறை பார்த்தார்.

"அப்பம் இவ்வளவு நேரமும் என்னைய அக்கான்னு விளிச்சதுக்கு ஒனக்கு என்ன குடுக்கணும்?" என்று சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு பாதியில் நின்றது. அதன்பின் வடசேரி வரும்வரை வெளியே பார்த்தபடி வந்தார்.

இறங்கும்போது கவரைத் திருப்பித் தந்தார். ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"மக்கா, நான் முன்னால சொன்னதை விட்டிரு. வேற ஒரு டாக்டர்கிட்டயும் காட்டு. எதை எடுக்கோம், எதுக்கு எடுக்கோம்னு எங்கிட்ட யாரும் சொல்லல. நானும் கேக்கல."

ரத்தப் பரிசோதனைக்குப் போகவில்லை. அடுத்த வாரம் வேறொரு டாக்டரைப் பார்த்தேன். எப்போதிலிருந்து, எத்தனை நாள் என்று கேட்டார். இரண்டு வருட டைரிகளை எடுத்து முன்னால் வைத்தேன். பரிசோதித்துவிட்டு, சிலருக்கு எடுத்துத்தான் ஆகவேண்டும், உங்களுக்கு மருந்தில் பார்க்கலாம் என்றார். தைராய்டு கோளாறாம். சில மாதங்களில் சரியாயிற்று. ஆப்பரேஷன் இன்றுவரை தேவைப்படவில்லை.

இதை அவரிடம் சொல்வதற்காகவே அதே இரண்டு பத்து பஸ்ஸில் பலமுறை போனேன். தை மாதம் ஒருநாள், எதிரே வந்த பஸ்ஸில் ஷட்டர் திறந்த ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நான் கை காட்டுவதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. பங்குனியில் கொரோனா வந்து பஸ்கள் நின்றன. திரும்ப ஓடத் தொடங்கியபின் அவர் வரவே இல்லை. மற்ற மீன்காரப் பெண்களிடம் விசாரித்தேன். "பேரு என்ன?" என்று கேட்டார்கள். தூறலையும் பஸ் நேரத்தையும் குறித்து வைத்த நான், அதைக் கேட்டிருக்கவில்லை.

இப்போதும் பஸ்ஸில் சாரல் அடித்தால் ஷட்டரை இறக்க என் கை போவதில்லை. அன்றைய டைரிப் பக்கத்தில் 'மீன் விற்கும் அக்கா' என்று இருக்கிறது. வயது தெரிந்த பிறகு எழுதியதுதான். கணக்குப்படி அது தவறு. ஆனாலும் எனக்கு முன்பாக அந்த வழியில் போய், திரும்பி நின்று என்னைத் தடுத்தவரை வேறு எப்படி எழுதுவதென்று எனக்கு இன்றும் தெரியவில்லை.